பதினாயிரத்து ஏழு கன்றுகள்

வடக்கே அமிர்திக் காடும் கிழக்கே படவேட்டு வயல்களும் வெயிலில் மங்கித் தெரிய, புளி பழுத்துத் தொங்கும் சரிவுகளைத் தாங்கிச் சவ்வாது மலை அம்முற்பகலில் நிமிர்ந்து நின்றது. அறிவுடையீர், அவ்வழகை நின்று சுவைக்க எனக்கு மனமில்லை, வயிறு எரிகிறது.

சாமை விதைத்துச் சில ஆண்டு விளைந்த நிலத்தை, களைத்த மண் தேறட்டும் என்று மலைமக்கள் ஓராண்டு சும்மா விட்டுவைப்பது வழக்கம். பச்சையம்மாளும் தன் மேட்டுநிலத்தை அவ்வாறே விட்டிருந்தாள். அங்கே முளைத்த புல்லைக் கண்ட ஒரு தோட்ட நிறுவனம், அதைத் தரிசென்று சொல்லி வேலியிட்டு, கீழே பாதையோரத்தில் ஒரு பலகையும் நட்டது: ‘மேலே 10,007 கன்றுகள் சமவரிசைகளில் நடப்பட்டுள்ளன.’ தரிசில் கன்று நட்டவருக்கே குத்தகை என்பது அரசாணை. அவர்கள் நட்டதோ அந்தப் பலகை ஒன்றுதான். வெறும் பதினாயிரம் என்றால் பொய் நாறிவிடும் என்று அஞ்சிய மேலாளன் ராஜேஷ், ஒவ்வொன்றாய் எண்ணியவன்போல ஏழையும் சேர்த்து எழுதியிருந்தான்.

அதில்தான் அவன் அகப்பட்டான். பச்சையம்மாளின் அண்ணன் மகளும் ஊர்ப் பள்ளியின் கணக்காசிரியையுமான சசிகலா, அவ்வெண்ணை இரண்டில் தொடங்கி நூற்றுக்கு உட்பட்ட பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் மீதம் நின்றது. ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாத பகா எண் அது.

குத்தகை குறித்து விசாரிக்க வந்த அரசு அலுவலர், செங்குத்தான வழியை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சீருந்தைவிட்டு இறங்காமலே இருந்துகொண்டார். சசிகலா அவரிடம் சென்றாள்.

“இந்த எண்ணுக்குச் சமவரிசையே கெடையாதுங்க. ஒரே வரிசையா நட்டாத்தான் உண்டு. அப்டி நட்டா அது அமிர்திக்கே போய்டும்ங்க.”

பலகையருகே நின்ற ராஜேஷுக்கு வெட்கமும் இல்லை, வியர்வையும் இல்லை. கைப்பேசியில் ஏதோ தட்டிப் பார்த்தான். வண்ணம் கொண்டுவரச் சொல்லி, பலகையிலிருந்த ஏழை அழித்து எட்டாக்கினான்.

“எழுதறப்ப தப்பாய்டுச்சுங்க. எழுவத்திரண்டு வரிசை, வரிசைக்கு நூத்தி முப்பத்தொம்பது. பெருக்கிப் பாருங்க, சரியா வரும்.”

அலுவலர் பெருக்கிப் பார்த்தார்; சரியாக வந்தது. குத்தகை நிறுவனத்துக்கே என்று கையெழுத்திட்டார்.

“கணக்க வுடுங்க சாமி. மேல வந்து ஒரு கன்னு காட்டச் சொல்லுங்க,” என்றாள் பச்சையம்மாள். வண்டி அதற்குள் திரும்பிவிட்டது.

பதினாயிரத்து எட்டு இரண்டாலும் வகுபடும், மூன்றாலும் வகுபடும், எட்டாலும் ஒன்பதாலும் வகுபடும். எவரும் குறை சொல்ல முடியாத நல்ல எண். மேட்டில் நின்ற கன்றுகளின் எண்ணிக்கையோ சுழியம்; அதையும் எந்த எண்ணும் மீதமின்றி வகுக்கும். வேலிக்கு வெளியே, வரும் பருவத்துக்கென்று எடுத்துவைத்த விதைச் சாமையை மடியில் கட்டிக்கொண்டு, பச்சையம்மாள் ஒருத்திதான் மீதமாய் நின்றாள்.