ஹைனோவின் பெயரில் ஒரு விமானம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. ஓல்டன்பூர்க் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். ஃபோல்க்மார் டீட்கே என்ற தொண்ணூற்றொரு வயதுக்காரருக்குக் காலையில் முகம் மழித்துவிடுவதும் அதில் ஒரு வேலை. கன்னத்தில் சவர்க்கார நுரை இருக்கும்வரைதான் அவர் போரைப் பற்றிப் பேசுவார். நுரையைத் துடைத்ததும் மூட்டுவலி, மழை, சூப்பில் உப்பில்லை என்ற முறைப்பாடு. ஆகவே இந்தக் கதை எனக்கு ஒவ்வொரு கன்னமாகத்தான் கிடைத்தது.

எழுது என்று அவர் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. போதும், எனக்கு அது.

(இதில் வரும் ஜேர்மானியர்கள் யாழ்ப்பாணத்தார்போலப் பேசுவார்கள். மனிதர் பயந்து பேசுவதும் பகிடி விடுவதும் என் காதில் அப்படித்தான் விழுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"1943 ஒக்டோபர். வடகடலின் மேலே வெள்ளிப் பறவைகள்" — நிறுத்திவிட்டேன். நான் விமானங்களுக்குக் கீழே வளர்ந்தவன். அங்கே ஒருவரும் அதைப் பறவை என்று சொன்னதில்லை.

"ஃபோல்க்மார் நல்லவன்" — இதையும் அடித்தேன். ஒருநாள் அவரிடம் நேரே கேட்டேன், யூதர்களுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாதா என்று. என் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு சொன்னார்: "பக்கத்து வீடு ஒருநாள் வெறுமையாய்க் கிடந்தது. அவையின்ரை அலுமாரியை ஏலத்தில அம்மா வாங்கினவ. லீவில போனா என்ரை சேட்டுகளை அதுக்குள்ளதான் அடுக்கிறனான்." மன்னிப்பும் கேட்கவில்லை, சாட்டும் சொல்லவில்லை. அன்று அவர் கன்னத்தை அரைகுறையாக மழித்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அப்படியிருந்தும் எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் உண்டு. ஏனென்பதைக் கண்டுபிடிக்கத்தான் எழுதுகிறேன்.

3

ஃபோல்க்மாருக்கு இருபத்துநாலு வயது. கடற்கரையோரத் தளம் ஒன்றில் லெப்டினன்ட். ருஷ்யாவிலும் பிறகு இங்குமாக நாற்பத்தொன்பது விமானங்களை விழுத்தியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் அவன் விமானத்தின் வாலில் ஒரு வெள்ளைக் கோடு. ஐம்பதாவது விழுந்தால் கழுத்தில் தொங்கும் சிலுவைப் பதக்கம் வரும் என்று தளம் முழுக்கப் பேச்சு. அந்தப் பதக்கத்துக்கு ஏங்குகிறவனுக்குத் தொண்டை நோ என்பது விமானிகளின் நையாண்டி. கப்டன் ரூட்ஹார்ட் லோஸ சாப்பாட்டு மேசையில் அவனைக் கண்டால், "தொண்டை எப்பிடியடா, கஷாயம் வைக்கச் சொல்லட்டோ?" என்பார். அவன் சிரிப்பான். நோ இருந்தது உண்மை.

அவர்களிடம் ஒரு விதி. விழுந்த விமானம் ஒருவன் பெயரில்தான் எழுதப்படும். பாதி உனக்கு, பாதி எனக்கு என்ற கதையே இல்லை. விழுந்ததைக் கண்ணால் கண்ட இன்னொருவன் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி இல்லாவிட்டால் விமானம் விழவே இல்லை.

ஃபோல்க்மாருக்குச் சாட்சி, அவனுக்குப் பின்னால் பறக்கும் ஹைனோ வீபெர்ஸ். இருபது வயது. முன்னால் போகிறவனின் முதுகைக் காப்பது அவன் வேலை, சுடுவது அல்ல. ஏழு மாதம் காத்தான். பதினொரு தடவை சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அவன் பெயரில் ஒன்றுகூட இல்லை.

[இங்கே ஹைனோவின் முகத்தை வர்ணித்து அரைப் பக்கம் இருந்தது. டீட்கே அவன் முகத்தைச் சொன்னதேயில்லை. நான் இட்டுக்கட்டியது. எடுத்துவிட்டேன்.]

அன்று அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்று கூட்டத்தைவிட்டுப் பின்தங்கி வந்தது. ஃபோல்க்மார் பின்னாலிருந்து சுட்டான். ஒருபக்கச் செட்டையில் தீப்பிடித்தது. சுற்றி வருவதற்காக அவன் விலகிய நேரம், ஹைனோ தன் இடத்தை விட்டுப் பாய்ந்துபோய் அதே விமானத்தைச் சுட்டான். அது இரண்டாக முறிந்து கடலில் விழுந்தது. வானொலியில் ஹைனோவின் குரல் வந்தது.

"ஐயா, கண்டனீங்களோ? என்ரைதானே?"

முதல் அடி தன்னுடையது என்று ஃபோல்க்மாருக்குத் தெரியும். இரண்டாவது அடி இல்லாமல் அது வீடுபோய்ச் சேர்ந்திருக்குமா என்பது கடவுளுக்கும் தெரியாது.

"கண்டனான்," என்றான். "உன்ரைதான்."

அந்தப் பதில் போய்ச் சேர்ந்ததா தெரியாது. பாய்ந்த வேகத்தில் கூட்டத்துக்குக் கிட்டப் போய்விட்ட ஹைனோவை மற்ற விமானங்களின் துவக்குகள் பிடித்துவிட்டன. பரசூட் விரியவில்லை.

(கைவிட்ட வாக்கியம்: "ஒரு சொல்லுக்காகத் தன் வாழ்நாளை" — பெரிய கதை. போகட்டும்.)

தளத்துக்கு வந்து படிவத்தை நிரப்ப உட்கார்ந்தான். கப்டன் லோஸ பக்கத்தில் வந்து நின்றார். கெட்ட மனிதரல்ல, தன் பிள்ளைகளில் ஒருவனுக்காவது நல்லது நடக்கட்டும் என்று நினைத்தவர்.

"செத்தவன்ரை கழுத்தில எப்பிடியடா சிலுவை தொங்கும்? அவன் இடத்தை விட்டிட்டு ஓடினவன். முதல் அடி உன்ரை. உன்ரை பேரை எழுது. சாட்சிக்கு ஆளை நான் பாக்கிறன்."

"நான் அவனுக்குச் சொல்லிப்போட்டன், ஐயா."

"அவனுக்குக் கேட்டதோ?"

"தெரியாது."

ஃபோல்க்மார் ஹைனோவின் பெயரை எழுதி, கீழே சாட்சியாகத் தன் கையெழுத்தைப் போட்டான். வெள்ளைப் பூச்சோடு வந்த மெக்கானிக் எந்த வாலில் கோடு போடுவது என்று விழித்தான். ஹைனோவின் வால் கடலுக்குள். மனிதன் தூரிகையைக் கழுவிவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்கே ஃபோல்க்மார் ஹைனோவின் தாய்க்கு எழுதினான். உங்கள் மகன் இறப்பதற்கு முன் ஒரு பெரிய விமானத்தைத் தனியாக வீழ்த்தினான், நானே சாட்சி என்று. தன் பதக்கத்தை ஒரு தாயின் மடியில் போட்டுவிட்ட நிம்மதியோடு அன்று தூங்கினான்.

4

மூன்று கிழமையில் பதில் வந்தது. வீபெர்ஸ் அம்மையார் கிராமத்து மருத்துவிச்சி. டீட்கே அந்தக் கடிதத்தை எனக்கு மனப்பாடமாகச் சொன்னார், நுரை காய்ந்து இறுகும்வரை:

"என் மகனுக்குப் பெருமை சேர்க்க எழுதினீர்கள் என்று விளங்குகிறது. நன்றி. அந்த மாதிரி விமானத்தில் பத்துப்பேர் இருப்பார்கள் என்று விசாரித்து அறிந்தேன். எங்கள் வீட்டில் பன்றி அறுக்கிற நாளில் ஹைனோ காட்டுக்குள் ஓடிவிடுவான். இருட்டினபிறகுதான் வருவான். அவன் பத்துப்பேரைக் கொன்றுவிட்டா கடவுளிடம் போனான்? அது அவன்தானா? நீங்கள் நிச்சயமாகக் கண்டீர்களா? வேறு யாராவது செய்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். உங்களுக்குச் சொல்லவே தேவையில்லை, நான் யாரிடமும் காட்டமாட்டேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைப் பரிசென்று பொட்டலம் கட்டி அனுப்பியவன் என்ன செய்வான்?

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) "நான்தான் சுட்டேன், அம்மா." அவள் நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் செத்துக்கொண்டிருந்தவனுக்கு இவன் கடைசியாகச் சொன்ன சொல் பொய்யாகிவிடும்.

ஆ) "உங்கள் மகன்தான்." சொல் காப்பாற்றப்படும். தாய்?

இ) "இரண்டுபேரும் சுட்டோம். யாருடைய குண்டு என்று தெரியாது." இதுதான் உண்மை. விதிக்கு அடங்காத உண்மை. ஒரு விமானத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று அவர்கள் மட்டுமா கேட்டார்கள்? நானும் கேட்டேன். என் அக்கா கிணற்றடியில் நிற்கும்போது விமானம் வந்து குண்டு போட்டது. இருபது வருடமாக நான் தேடியது ஒரு பெயரை.

டீட்கேக்கு அது தெரியும். ஒருநாள் கேட்டார்: "போட்டவன்ரை பேர் தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

சவரக்கத்தி அவர் கழுத்தில் இருந்தது. நான் அதை எடுத்து, கழுவி, மறுபடி வைத்தேன். நீங்கள் அந்தத் தாய்க்கு என்ன எழுதினீர்கள் என்று திருப்பிக் கேட்டேன்.

"எழுதினனான். என்ன எழுதினன் எண்டு கேளாதேங்கோ. அது அவவின்ரை." அடுத்த மாசி மாதம் இறந்துபோனார்.

6

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. கற்பனை செய்யலாமே என்பீர்கள். நாலு தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் என் அம்மா குறுக்கே வருகிறாள். அக்காவை எரித்துவிட்டு வந்த அன்று, அடுப்படியில் இருந்துகொண்டு அவள் கேட்டாள்: "அந்த விமானத்தை ஓட்டினவனுக்கும் ஒரு தாய் இருப்பாள்தானே. தன்ரை பிள்ளை இப்பிடிச் செய்தவன் எண்டு அவளுக்குத் தெரியுமோ?" நான் அம்மாவிடம் கத்தினேன். அவனுடைய தாயைப் பற்றி உனக்கென்ன என்று கேட்டேன். அவள் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இதோ, அம்மா கேட்ட அந்தத் தாய். தெரிய வேண்டும் என்று தானே எழுதிக் கேட்டிருக்கிறாள். ஃபோல்க்மார் தாளை எடுத்துவிட்டான். முதல் வரியை எழுதிவிட்டான்: "மதிப்புக்குரிய வீபெர்ஸ் அம்மையாருக்கு, நீங்கள் கேட்டதற்கு"

மிச்சத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் குண்டு விழுந்த வீட்டுக்காரன். என் கை நேராக எழுதாது.