காதுக்காரரின் வலது பக்கம்

மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வந்து நின்றதுமே பெட்டைக் குதிரை வாலைத் தூக்கிவிட்டது. கயிற்றைப் பிடித்திருந்த மகளுக்கு எரிச்சலாக வந்தது. இருபத்தோரு நாளாக இதோ அதோ என்று போக்குக் காட்டிவிட்டு, இன்றைக்குத்தானா இதற்குப் பருவம் வர வேண்டும்? வீட்டு முன்னறையில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அவளுடைய அண்ணன் விமானம் பிடித்து வந்து சேர வேண்டும் என்பதால் அடக்கம் நாளைக்கு.

மாப்பிள்ளை ஒரு குட்டைக் குதிரை. பெட்டைகளுக்குப் பருவம் வந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் வைத்திருந்த ஆண். பெண் பார்ப்பதோடு அவன் வேலை முடிந்தது, கல்யாணம் எப்போதும் வேறொருவனுக்குத்தான். பெயர் வைத்தது அப்பா.

"போடா, போதும். உனக்கு இவ்வளவுதான் பாக்கியம்," என்று குதிரைக்காரர் வழக்கம்போல் அவனை இழுத்துக்கொண்டு போனார். பாதி தூரத்தில் சாவு வீடு என்பது நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார்.

அப்பாவைப் பார்க்க வந்த கால்நடை டாக்டர், வந்த கையோடு பெட்டைக்கு ஸ்கேனும் பார்த்தார்.

"இன்னிக்கே சேத்தாகணும்மா. நாளைக்குன்னா லேட்டு. அடுத்த தடவைக்குள்ள சீசன் முடிஞ்சிடும்."

"அடுத்த வருஷம்?"

டாக்டர் பெட்டையின் குழி விழுந்த முதுகைப் பார்த்தார். "பதினெட்டு வயசும்மா. இதுவே கடைசின்னு வச்சுக்கோ."

பந்தயக் குதிரையில் ஊசி போட்டுச் சினையாக்குகிற வேலையெல்லாம் செல்லாது. பெட்டை நேரில் போக வேண்டும், ஆண் நேரில் ஏற வேண்டும். இல்லையென்றால் பிறக்கிற குட்டியைப் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள். யார் செத்தாலும் அந்த விதியில் மாற்றமில்லை.

சித்தப்பா முன்னறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "ஏம்மா, உனக்குக் கொஞ்சமாவது இது இருக்கா? வீட்ல பொணத்தை வச்சுக்கிட்டு குதிரைக்கு ஜோடி சேக்கப் போறியா? ஊரு காறித் துப்பும்!"

அப்பாவின் இடது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா திரும்பாமலே சொன்னாள். "போயிட்டு வரட்டும். அவரா இருந்தா இந்நேரம் வண்டி ஏறியிருப்பாரு."

"அப்ப அண்ணன் சொன்ன குதிரைக்குத்தான் விடணும். அதுல மாத்தம் கூடாது," என்றார் சித்தப்பா.

"வேற எதுக்கு விடுவா?" என்றாள் அம்மா.

மகள் குதிரை ஏற்றும் வண்டியின் சரிவுப் பலகையை இறக்கப் போய்விட்டாள்.

அப்பாவை வெளியில் எல்லோரும் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பெட்டையோடு சேர்க்கப் பொலிகுதிரை தேர்ந்தெடுக்கப் போனால் மற்றவர்கள் அதன் பரம்பரையைக் கேட்பார்கள், ஜெயித்த பந்தயங்களைக் கேட்பார்கள், பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். அப்பா அதெல்லாம் முடிந்தபிறகு குதிரையைச் சிமெண்ட் தரையில் நடத்தச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். நாலு குளம்பும் சமமாக விழ வேண்டும். ஒன்று பிந்தினாலும் கையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டிவிடுவார். அப்படி அவர் காதால் பொறுக்கிய குதிரைகளின் குட்டிகள் ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டன.

அந்த வலது காது அடைத்து நாலைந்து வருடம் ஆகிறது. இடதும் அரைகுறைதான். அது வீட்டுக்கு மட்டும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் ஒத்துக்கொண்டதில்லை. மகள் வாங்கிவந்த காது மெஷின் டப்பாவைப் பிரிக்காமலே அலமாரியில் போட்டுவிட்டார். அம்மா இடது பக்கமாகவே உட்காரப் பழகிக்கொண்டாள். அவரைப் பற்றி ஏதாவது பேசவேண்டுமென்றால், "இந்தப் பக்கம் வந்து சொல்லு," என்று தானும் வலது பக்கம் போய் மகளைக் கூப்பிடுவாள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் தலையை உருட்டுவார்கள்.

போன முறை அவர் தனியாகப் போய்த் தேர்ந்தெடுத்தார். அந்தக் குட்டி மூன்றாவது பந்தயத்திலேயே முன்னங்கால் முறிந்து விழுந்தது. டாக்டர் கடைசி ஊசியை ஏற்றும்போது அதன் தலையை மடியில் வைத்திருந்தவள் மகள்தான். பெட்டைக்கே முன்முட்டி லேசாக உள்வாங்கியிருக்கும். அதற்குப் போய் முன்னங்கால் சரியில்லாத ஆணைச் சேர்த்தால் வேறென்ன நடக்கும்?

இந்த முறை மகளும் கூடப் போனாள். போன வாரம்தான். பொலிகுதிரைப் பண்ணையில் இடி என்ற கறுப்புக் குதிரையை நடத்திக் காட்டினார்கள். அப்பா கண்ணை மூடினார். அவளும் மூடினாள். டக், டக், டக், பிறகு கொஞ்சம் தயங்கி இன்னொரு டக். வலது முன்னங்கால்.

"அப்பா, ஒண்ணு லேட்டா விழுது," என்றாள், அவருடைய வலது பக்கம் நின்று.

அப்பா கண்ணைத் திறந்து, "சபாஷ்!" என்றார். "மணி அடிச்ச மாதிரி இருக்கு. இதுதான்."

அவள் குரலை உயர்த்தியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் பண்ணை மேனேஜர் நின்றுகொண்டிருந்தார், இரண்டு பணியாளர்கள் காதுக்காரரைக் கோயில் சிலையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் எப்படிக் கத்துவது? நேற்று மாலை படுக்கையிலிருந்து அவர், "இடிதான், மறந்துடாதே," என்றபோதும், இடது பக்கம் குனிந்து, "சரிப்பா," என்று உரக்கவே சொன்னாள். அவருக்கு நன்றாகக் கேட்டது. தலையை ஆட்டினார்.

வண்டி பண்ணையில் போய் நின்றதும் மேனேஜர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தார். "கேள்விப்பட்டேம்மா. நம்பவே முடியல. போன வாரம் இங்க நின்னுட்டிருந்தாரு. நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சேன். இடியை ரெடி பண்ணச் சொல்லவா?"

"நடத்திக் காட்டுங்க."

"இன்னொரு தடவையா?"

"ரெண்டையும். இடியையும், அந்தச் செவலையையும்."

செவலை அதே பண்ணையின் செந்நிற ஆண், இடியைப்போல் பேர் வாங்கிய குதிரை இல்லை. பரம்பரை நல்லது, வென்ற பந்தயம் குறைவு. மகள் சிமெண்ட் பாதையின் ஓரத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். இடி வந்தது. டக், டக், டக், தயக்கம், டக். எத்தனை முறை கேட்டாலும் அதுதான். ஒருவேளை இன்றைக்குச் சரியாக விழுந்துவிடாதா, அப்பா சொன்னது சரியாகிவிடாதா என்று ஆசையாகத்தான் இருந்தது. பிறகு செவலை வந்தது. நாலும் சமம். போய்த் திரும்பி வந்தபோதும் சமம்.

"செவலையை விடுங்க."

மேனேஜர் முழித்தார். "ஐயா இடியைத்தானே சொல்லியிருந்தாரு?"

"நேத்து சாயங்காலம் மாத்திட்டாரு."

"மாத்திட்டாரா?"

"யோசிச்சுப் பாத்ததுல ஏதோ ஒரு கால் லேட்டா விழுந்த மாதிரி இருந்துச்சாம்."

மேனேஜர் கறுப்புக் குதிரை போன திசையையே பார்த்தார். "நாங்க தினமும் பாக்குறோம், எங்களுக்குத் தெரியல. கடைசி நாள்லகூட அந்தக் காது வேலை செஞ்சிருக்கு பாருங்க!" அவர் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும் கலங்கியது. அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

பெட்டையின் வாலைத் துணியால் சுற்றினார்கள், உதைத்தால் செவலைக்கு அடிபடாமலிருக்கப் பின்னங்கால்களுக்குக் கம்பளி உறை மாட்டினார்கள். நேரமெல்லாம் ஆயத்தத்துக்குத்தான் போனது. காரியம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. சித்தப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அண்ணன் சொன்னதுதானே?"

"ஆமா சித்தப்பா."

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, வந்தவர்களிடம் அதைச் சொல்ல உள்ளே போனார். பதினோரு மாதத்தில் பிறக்கப்போகிற குட்டி யாருடையது என்று தெரியாமலா போகும்? அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

முன்னறையில் கூட்டம் கலைந்திருந்தது. அம்மா காலையில் உட்கார்ந்த இடத்திலேயே, இடது பக்கம் இருந்தாள். மகள் கை கழுவிக்கொண்டு வந்தாள். கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். குனிந்து அப்பாவின் வலது காதில் மெல்ல ஏதோ சொன்னாள்.

அம்மா தலையைத் தூக்கவில்லை.

"அந்தப் பக்கம் சொன்னா அவருக்குக் கேக்காதே."

"தெரியும்மா."

சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு மகள் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.