பதினேழா, பதினெட்டா

அந்த வருஷம் கோடையில் நகமட்சு வீட்டில் ஒரே பரீட்சையை இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர் தெட்சுஜி, உருக்காலையின் மின்பராமரிப்புப் பிரிவில் தலை நரைத்தவர். இன்னொருத்தி அவருடைய மகள் கொனாட்சு, தொழில்நுட்பக் கல்லூரியில் நான்காம் வருஷம் படிப்பவள். மின் பொறுப்புப் பொறியாளர் உரிமத்துக்கான பரீட்சை அது. உரிமம் இல்லாதவர் காலமெல்லாம் மின்சாரத்தோடு மல்லுக்கட்டினாலும் ஆலையில் பொறுப்பாளர் நாற்காலியில் உட்கார முடியாது.

மொத்தம் நாலு தாள். ஒன்றில் பாஸானால் அது மூன்று வருஷம் செல்லும், அதற்குள் மற்றவற்றை முடிக்காவிட்டால் காலாவதி. தெட்சுஜியின் பாடு இதில்தான் பல வருஷமாகத் திண்டாட்டம். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று கையைவிட்டுப் போகும். இந்த முறை எப்படியோ மூன்று கையில் இருந்தன, ‘இயந்திரங்கள்’ தாள் மட்டும் பாக்கி. அதைத் தவறவிட்டால் மூன்றில் பழையதும் போய்விடும்.

கொனாட்சுவுக்கும் பாக்கி அதே தாள்தான். அப்பா முட்டி மோதிச் சேர்த்த அந்த மூன்றையும் அவள் போன வருஷம் முதல் முயற்சியிலேயே முடித்துவிட்டாள். முடிவு வந்த அன்றைக்கு அப்பா அவள் முதுகில் ஓங்கித் தட்டி, “என் பொண்ணுடா!” என்று கத்தினார். பிறகு குளிக்கப் போனவர், தொட்டித் தண்ணீர் ஆறிய பிறகும் வெளியே வரவில்லை. கொனாட்சு கதவருகே போய் நின்றாள். உள்ளே அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு பயம். நான் பாஸாகி இவர் ஃபெயிலானால் இந்த மனுஷன் என்ன ஆவார்?

பரீட்சை நெருங்க நெருங்க அம்மா ஃபுசாயேவின் சட்டதிட்டங்கள் கடுமையாயின. வீட்டில் யாரும் ‘விழுந்தது’ என்று சொல்லக்கூடாது, ‘வழுக்கியது’ என்று சொல்லக்கூடாது. ஃபெயிலாவதையும் குறிப்பதால், பரீட்சை எழுதுகிறவர்களின் காதில் விழவே கூடாத சொற்கள் அவை. தெட்சுஜி வேண்டுமென்றே அவளைச் சீண்டுவார்.

“ஃபுசாயே, மாடியில காயப்போட்ட சட்டை காத்துல... கீழ போயிடுச்சு. எப்படிப் போச்சுன்னு நான் சொல்லமாட்டேன்.”

“வாயில வசம்பை வெச்சுத்தான் தேய்க்கணும் உங்களுக்கு!”

இருவரும் சேர்ந்து விண்ணப்பித்ததால் எண்கள் அடுத்தடுத்து வந்தன. ஃபுகுவோக்காவில் ஒரு பெரிய கல்லூரி வகுப்பறை. கொனாட்சுவுக்கு நேர் முன்னால் அப்பாவின் முதுகு. அறிவியல் கால்குலேட்டருக்கு அனுமதியில்லை. கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற பெரிய பொத்தான் கால்குலேட்டரை அப்பா டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தார்.

கொனாட்சுவுக்குத் தாள் ஓரளவுக்குத்தான் வந்தது. முன்பகுதியில் நாலைந்து கேள்விகளைக் குருட்டாம்போக்கில் போட்டாள். கடைசியில் பதினேழு, பதினெட்டு என்று இரண்டு பெரிய கணக்குகள். இரண்டில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். விடைத்தாளில் இரண்டுக்கும் கட்டங்களைக் கறுப்பாக்கினால் இரண்டுமே செல்லாது. முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது, கண்காணிப்பாளரும் வாய்விட்டுப் படித்தார். பதினேழை முடித்துக் கட்டத்தைக் கறுப்பாக்கினாள். நேரம் மிச்சமிருந்ததால் பதினெட்டையும் கேள்வித்தாளில் போட்டுப் பார்த்தாள். அதுவும் வந்தது.

அப்போதுதான் டக்டக் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு தாளையே வெறித்துக்கொண்டிருந்தார். கழுத்துப் பின்புறம் வியர்வையில் நனைந்திருந்தது. அவருக்குத் தெரிந்த கணக்கெல்லாம் தீர்ந்துபோயிருந்தது என்று அவளுக்குப் பட்டது. போச்சு, எல்லாம் போச்சு. இவர் ஃபெயிலாவார், நான் பாஸாவேன், திரும்பவும் அந்தக் குளியலறை.

பென்சிலை எடுத்துப் பதினெட்டையும் கறுப்பாக்கினாள்.

மனசு லேசாகும் என்று நினைத்தாள், ஆகவில்லை. முடியச் சில நிமிஷங்களே இருக்கின்றன என்று கண்காணிப்பாளர் சொன்னதும் முன்னால் இருந்த முதுகு தூக்கிவாரிப் போட்டது போல நிமிர்ந்தது. கால்குலேட்டர் மறுபடி டக்டக்கென்றது. அழிக்கிறார், எழுதுகிறார், மேசையே ஆடுகிறது. கொனாட்சுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த மனுஷன் கடைசி நொடிவரை போராடுகிறார், நான் அவருக்காகத் தோற்றுப்போக உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட அவரை எப்படி அவமானப்படுத்த முடியும்?

ரப்பரை எடுத்துப் பதினெட்டை அழித்தாள். கை வியர்த்திருந்தது, கறுப்பு முழுசாகப் போகாமல் சாம்பலாக இழுபட்டது. இன்னும் ஒருமுறை தேய்ப்பதற்குள், “பென்சிலைக் கீழே வையுங்கள்” என்றார்கள்.

அந்த வாரமே விடைகள் இணையத்தில் வந்தன. சாப்பாட்டு மேசையில் இரண்டு கேள்வித்தாள்களையும் விரித்துவைத்துக்கொண்டு தெட்சுஜி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். தேவை அறுபது மார்க். அவருக்கு ஐம்பத்தைந்து வந்தது. ஒரு கேள்வி வித்தியாசம். மகளுடைய தாளை இழுத்தார். பதினேழு இல்லாமல் ஐம்பத்தைந்து, சேர்த்தால் அறுபத்தைந்து. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“ரெண்டு கணக்குக்கும் விடை போட்டிருக்கே. விடைத்தாள்ல எதைக் கறுப்பாக்குனே?”

“பதினேழு.”

“பதினெட்டு?”

“கறுப்பாக்கிட்டு... அழிச்சிட்டேன்.”

“ரெண்டையும் கறுப்பாக்குனா செல்லாதுன்னு தெரியாதா உனக்கு?”

“தெரியும்.”

தெட்சுஜி அவளை ஏறிட்டுப் பார்த்தார். புரிய நேரமாயிற்று. புரிந்ததும் பேனாவை மேசையில் அடித்தார்.

“என்னை என்னன்னு நெனச்சே? நீ மார்க்கைத் தட்டுல போட்டா வாங்கித் தின்னுற பிச்சைக்காரன்னா?”

“ஏங்க, மெதுவா. பக்கத்து வீட்டுல கேக்கும்” என்றாள் ஃபுசாயே.

“கேக்கட்டும்! இவ எனக்குப் பிச்சை போடப் பாத்திருக்கா!”

கொனாட்சுவும் குரலை உயர்த்தினாள். “போன வருஷம் குளிக்கப் போய் அழுதீங்கல்ல? நான் கதவுகிட்டதான் நின்னேன். மறுபடி அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்லைப்பா!”

“அழுதேன்” என்றார் தெட்சுஜி. “அழுதுட்டு மறுநாள் காலைல வேலைக்குப் போனேனா இல்லையா? அதைப் பாக்கலையா நீ?”

அன்றிலிருந்து முடிவு வரும்வரை வீட்டில் பேச்சு குறைந்தது. தேர்ச்சி மார்க்கைச் சில வருஷம் கொஞ்சம் இறக்குவார்கள், அப்பா அதை நம்பி இருந்தார். கொனாட்சுவின் கண்ணில் நின்றது அந்தச் சாம்பல் இழுப்பு ஒன்றுதான். இயந்திரம் அதைக் கறுப்பு என்று படித்திருந்தால் அவள் கதை முடிந்தது. அப்படி முடிந்தால் அப்பா தன்னை மன்னிக்கவே மாட்டார் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பாஸாக வேண்டும் என்று அவள் அவ்வளவு வெறியோடு ஆசைப்பட்டது அந்த நாட்களில்தான்.

முடிவு வெளியான காலை, தெட்சுஜி ஆலைச் சீருடையில் மிசோ சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“முதல்ல உங்க நம்பரைப் போடறேன்பா.”

“உன்னுதைப் போடு.”

போட்டாள். திரையில் ‘தேர்ச்சி’ என்று வந்தது. கொனாட்சு வாயைப் பொத்திக்கொண்டாள். தெட்சுஜி கைப்பேசியை வாங்கித் தன் எண்ணைத் தானே போட்டார். தேர்ச்சி மார்க் அறுபதாகவே இருந்தது, அவருடையது ஐம்பத்தைந்து. பார்த்துவிட்டு அதே கைப்பேசியில், வருஷா வருஷம் தன்னைக் கிண்டலடிக்கும் மேஸ்திரி உரானாகாவைக் கூப்பிட்டார்.

“உரானாகா சான், நான்தான். ஃபெயில். ஆமா, இந்த வருஷமும். சிரிங்க, நல்லா சிரிங்க. முடிஞ்சதா? இப்ப கேளுங்க. என் பொண்ணு பாஸ். ஆமா, படிக்கிற பொண்ணுதான். என்னது, காதுல சரியா விழலையா? பாஸ்னேன்! பாஸ்! ஆலைக்கு வந்து மறுபடி சொல்றேன், எல்லாரையும் கூட்டி வைங்க.”

கைப்பேசியை வைத்ததும் முகம் கோணிக்கொண்டது. எழுந்து போகவில்லை. அங்கேயே, சூப்புக் கிண்ணத்துக்கு முன்னால், பெண்டாட்டியும் மகளும் பார்க்க அழுதார். ஃபுசாயே துண்டை நீட்டினாள், அவர் வாங்கவில்லை.

“வலிக்குதாப்பா?” என்றாள் கொனாட்சு.

“உயிர் போகுதுடி.” புறங்கையால் மூக்கைத் துடைத்தார். “வலிக்கட்டும். அது என் வலி, நீ அதுல கை வைக்காதே. இன்னொரு பக்கம் சந்தோஷத்துல நெஞ்சு வெடிக்குது. அதுல வேணா எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க.”

கொனாட்சுவும் அழுதாள். ஆனால் இந்த முறை அவள் பயப்படவில்லை.

“மார்ச்ல மறுபடி பரீட்சை வருதுப்பா. பழைய தாள் ஒண்ணும் காலாவதி, இப்ப ரெண்டு எழுதணும்.”

“தெரியும்” என்று தெட்சுஜி காலிக் கிண்ணத்தை மனைவியிடம் நீட்டினார். “இன்னும் கொஞ்சம் ஊத்து. வேலைக்கு நேரமாச்சு.”