நாலு விரல் அனுராதபுரம்

பிரயாணக் கட்டுரை என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் வாரப்பத்திரிகை நடத்திய பத்து வருஷத்தில் எத்தனை படித்திருப்பேன்! எந்த ஊருக்குப் போனாலும் ரயிலில் கூட்டம், மடத்தில் மூட்டைப்பூச்சி, தோசை சுமார். ஊர் மட்டும் இராது.

ஆகவே வெள்ளவத்தைப் புடைவைக்கடை மஜீட் 'அனுராதபுரம் கண்டேன்' என்று தாள்களை நீட்டியபோது வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினேன். முதற் பக்கம் முடிவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கூரை போன மாளிகையின் ஆயிரத்தறுநூறு கல்தூண்கள் மழையில் நனைந்து நின்றன. வாசற்படிக் கல்லில் அன்னங்கள் அலகில் பூவோடு வரிசையாய் நடந்தன. அதில் ஒன்றின் கழுத்தைச் சிற்பி சற்று அதிகமாக வளைத்துவிட்டானாம். பெரிய புத்த தூபியிலிருந்து விழுந்து கிடந்த செங்கல்லில், அது ஈரமாயிருந்த அன்றைக்கு மிதித்துப் போன நாயின் கால் தடம்! இப்படிப் பார்க்க ஒரு கண் வேண்டும்.

ஒரே குறை. தூபியின் அடியை ஐந்து பக்கம் வர்ணித்துவிட்டு, உச்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டுவிடலாம் என்று வெள்ளவத்தையில் அவர் வீட்டுக்கு ரயிலேறினேன்.

"உச்சி எங்கை, மஜீட்?"

அவர் முகம் வாடிவிட்டது. "நான் வண்டிக்காரனோட முன்னுக்கு இருந்த, ஐயா. கண் அசந்திட்டன். எழுதினது எங்கட வீட்டாள்."

உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி றஸ்மியாவின் குரல் வந்தது. "பொம்புளையள் போற வண்டிக்குச் சுத்திவரத் திரை, ஐயா. நாலு விரலுக்குத்தான் விலக்கிப் பார்த்த. உச்சி தெரியல்ல."

நாலு விரல்! ஊரெல்லாம் திறந்து கிடக்க, நாங்கள் மூட்டைப்பூச்சியைக் கண்டோம். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் பத்திரிகைக்காரன் புத்தி போகுமா?

"பள்ளிப் புத்தகத்திலை இருக்கு. ரெண்டு வரி நான் சேர்த்துவிடுறன்" என்றேன்.

"அப்பிடியெண்டா கட்டுரையத் திருப்பித் தாங்கொ. காணாதத கண்டதெண்டு எழுத எனக்கேலா" என்றது திரைக்குப் பின்னிருந்த குரல்.

கொடுக்க எனக்கு மனமில்லை. மஜீட்தான் திரைப் பக்கம் திரும்பிக் கேட்டார்: "உச்சியப் பார்க்க அவ்வளவு ஆசையா?"

"ஆசையில்லாமயா நான் அடியையே அஞ்சு பக்கம் எழுதின?"

கட்டுரையை நிறுத்தி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து, வெயிலில் கறுத்த முகத்தோடு மஜீட் ஒரு தாள் கொண்டுவந்தார். கட்டுரையின் தலைப்பிலிருந்த தம் பெயரை என் பேனாவாலேயே வெட்டி, 'றஸ்மியா' என்று எழுதினார். புதிய தாளில் நாலே வரி. நான் ஒன்றையும் திருத்தவில்லை.

"இம்முறை திரையை என் கணவரே சுருட்டிக் கட்டினார். உச்சிவரை பார்த்தேன். செங்கல் வெடிப்பில் ஒரு மரம், மரம் நிறையக் கிளிகள். கழுத்து நொந்தது, குனிய மனம் வரவில்லை."