நாற்பத்தொரு ரிப்போர்ட்

பரிசோதனைக் கூடத்துப் பெண் போனில் சிரிப்பை அடக்க முடியாமல் பேசினாள்.

“மேடம், இங்க ஒரு பெரியவருக்குக் கர்ப்பம்னு ரிப்போர்ட் வந்திருக்கு. பாவம், வீட்ல போய் என்னன்னு சொல்றதுன்னு கேட்டுட்டு உக்காந்திருக்காரு.”

செயலியை எழுதியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “பேரு அவரோடதுதானா?”

“பேரு, வயசு எல்லாம் சரி. கீழ இருக்கறதுதான் வேற யாரோடதோ.”

அண்ணனும் அவளும் நடத்துவது இரண்டே பேர் கொண்ட கம்பெனி. வாடிக்கை பிடிப்பது அண்ணன், நிரல் எழுதுவது அவள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பிடிஎஃப் ஆக்கி நோயாளியின் போனுக்கு அனுப்பும் செயலியை அன்று காலை எட்டு மணிக்குத்தான் கிளவுடில், அதாவது இணையத்து வாடகை சர்வரில், ஏற்றியிருந்தாள். கூடவே, திரையில்லாமல் பின்னால் ஓடும் ஹெட்லெஸ் பிரவுசர் ஒன்றையும். முடிவுப் பக்கத்தைத் திறந்து, தலைப்பில் பெயரைப் போட்டு, பிடிஎஃப்பாக எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. அவள் லேப்டாப்பில் சொன்ன பேச்சைக் கேட்ட அந்தப் பிரவுசர், கிளவுடின் சின்ன சர்வரில் சோதித்தபோது மெமரி போதாமல் மூன்று நாளாகச் செத்துச் செத்து விழுந்தது. ஆளுக்கொரு பிரவுசர் திறந்தால்தானே இந்தப் பாடு, ஒரே பிரவுசர் டேபைத் திறந்துவைத்து எல்லோருக்கும் அதையே கொடுத்தால் என்ன என்று முந்தின நாள் மாற்றினாள். ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்த்தாள். ஜம்மென்று ஓடியது. ஒரே நொடியில் இரண்டு பேர் வந்து நின்றால் என்ன ஆகும் என்று மட்டும் பார்க்கவில்லை. ஒருவர் பக்கத்தை எடுப்பதற்குள் அடுத்தவர் பக்கம் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. மேலே இவர் பெயர், கீழே அவர் ரத்தம்.

முதல் காரியமாகச் செயலியை நிறுத்தினாள். பிறகு பதிவுகளைத் தோண்டினாள். நாற்பத்தொரு ரிப்போர்ட் போயிருந்தது. அதில் ஐந்து தப்பு.

அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். “சத்தம் போடாம சரி பண்ணி, புதுசா அனுப்பிடு. போன் கீன் பண்ணி நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்க வேண்டாம். இந்த லேப் போச்சுன்னா ரெண்டு பேரும் வீட்லதான்.”

“கர்ப்பம்னா சிரிச்சுட்டே திருப்பிக் கொண்டாந்துடுவாங்க அண்ணா. சர்க்கரை நம்பர் மாறினா யாருக்குத் தெரியும்?”

அவள் போனை எடுத்தாள். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் பெருந்தன்மையாக, “பொண்ணா பையனான்னு மட்டும் சொல்லும்மா” என்றார். அடுத்த அம்மாள் கால்மணி நேரம் வறுத்தெடுத்தாள். இவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். இன்னும் இருவர் விஷயம் புரியாமலே சரி சரி என்றார்கள்.

ஐந்தாவது ஆள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். உண்மையில் சர்க்கரை நூற்றுநான்கு. அவருக்கு அனுப்பிய ரிப்போர்ட்டில் நானூற்றுப் பன்னிரண்டு. இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை மகள் எடுத்தாள்.

“அப்பா டாக்டர் ரூம்ல இருக்காரு. இவ்ளோ சர்க்கரையான்னு டாக்டரே பயந்து, உடனே இன்சுலின் ஊசி போடணும்னு உள்ள கூட்டிட்டுப் போனாரு. நீங்க யாரு?”

“அந்த ரிப்போர்ட் தப்பும்மா. நான்தான் தப்பு பண்ணேன். ஊசி போட வேணாம்னு சொல்லுங்க. ஓடுங்க!”

அந்தப் பக்கம் போனை யாரும் வைக்கவில்லை. தரையில் செருப்பு படபடத்தது. “வரிசைல வாங்கம்மா” என்று யாரோ அதட்டினார்கள். பிறகு மரக்கதவில் உள்ளங்கை விழும் சத்தம், ஒருமுறை, இன்னொருமுறை, நிற்காமல். அண்ணன் குனிந்து, போனின் மறுபக்கத்தில் தன் காதை வைத்தான்.