வெள்ளிக்கிழமை நிற்கும் கார்

சென்னியப்பனின் காரில் செவ்வாய்க்கிழமை பிரேக் மிதித்தால் வெள்ளிக்கிழமை நிற்கும். சென்னிமலையில் இது எல்லோருக்கும் தெரியும்.

ஒரே நாளில் இப்படி ஆகிவிடவில்லை. முதலில் வீட்டு வாசலில் நிற்க டீக்கடையிலேயே மிதித்தார். பிறகு பெருந்துறையில் மிதித்தார். பிறகு முதல் நாள் சாயங்காலமே மிதிக்க வேண்டியதாயிற்று. மனிதர் அசரவில்லை. பழைய வண்டி என்றால் நாமதான் கொஞ்சம் அனுசரித்துப் போகணும் என்பது அவர் கட்சி. அந்த அனுசரிப்பில் பாதியைக் கட்டிய பெண்டாட்டியிடம் காட்டியிருந்தால் சம்பூர்ணம் அந்த வீட்டில் மகாராணியாக இருந்திருப்பாள்.

சாப்பாட்டு நேரத்தில் கார் வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும். சம்பூர்ணம் வாசலில் தட்டோடு நிற்பாள். ஒரு சுற்றுக்குக் குழம்பு. அடுத்த சுற்றுக்கு ரசம். மோருக்கு வரமாட்டாள். அவளுக்கு சீரியல் இருக்கிறது.

டயர் தேய்ந்து தேய்ந்து வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. அதிலும் அவருக்குப் பெருமை. ரோட்டில் கிடக்கும் ரூபாய் மேல் ஏறினால், பூவா தலையா என்று சீட்டில் உட்கார்ந்தபடியே சொல்வார். பின்னால் வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, சரிதான் என்பார்கள்.

இந்த நேரத்தில்தான் மகள் தாரணிக்குக் கல்யாணம் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் முகூர்த்தம். மாப்பிள்ளை செந்தூரன் காங்கேயத்துக்காரன். மகளை மண்டபத்துக்கு என் காரில்தான் கூட்டிப்போவேன் என்று சென்னியப்பன் ஒற்றைக்காலில் நின்றார். பிறந்த குழந்தையாக அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த கார் அது. தாரணிக்கும் அதில் போகத்தான் ஆசை. ஆனால் மண்டபத்தில் நிற்க வேண்டுமே. நேரத்துக்கு நிற்காவிட்டால் முகூர்த்தம் போய்விடும்.

"ஏனுங்க, அந்தப் பிரேக்கை மாத்தித் தொலைங்க," என்றாள் சம்பூர்ணம்.

"ரங்கராசு சொல்லட்டும். மாத்தறேன்."

ரங்கராசு மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை காரோடு கூடவே ஓடிக்கொண்டு பார்த்தான்.

"மிதிச்சா கிறீச்சுனு கத்துதுங்களாண்ணா?"

"கத்தும். மூணு நாள் கழிச்சு."

"வண்டி ஒரு பக்கமா இழுக்குதுங்களா?"

"காங்கேயம் பக்கமா இழுக்குது."

"பெடல் எதுவரைக்கும் போகுதுங்க?"

"இன்னைக்கு மிதிச்சா புதன்கிழமை வரைக்கும் போகுது."

ரங்கராசு ஓடிக்கொண்டே டயரில் காதை வைத்துக் கேட்டான். "உள்ளார காத்து மட்டுந்தானுங்க இருக்குது. டயரைக் காணோமுங்க."

"அதை விடு. வண்டி ஓடுமா, ஓடாதா?"

"ஓடுமுங்கண்ணா. அதான் பிரச்சினையே."

"அப்ப ஓடட்டும்."

விஷயம் அதுவல்ல. அவருக்கு அந்த மண்டபத்தில் போய் நிற்க மனசில்லை. நின்றால் மகள் இறங்குவாள். இறங்கினால் காங்கேயம் போய்விடுவாள். பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று பெண்பிள்ளை சொல்லலாம். அப்பன்காரன் என்னத்தைச் சொல்வது? பிரேக் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்.

"அப்பா, மண்டபத்துல நிக்குமா?" என்று தாரணி கேட்டாள்.

"நிக்கும் கண்ணு."

வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இனி நிற்க வைத்தே ஆக வேண்டும். உட்கார்ந்து கணக்குப் போட்டார். செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு மிதித்தால் முகூர்த்தத்துக்குச் சரியாக நிற்கும். மூன்றரைக்குக் காலைத் தூக்கினார்.

"ராகு காலமுங்க," என்றாள் வாசலிலிருந்து சம்பூர்ணம்.

தூக்கிய கால் அப்படியே நின்றது. கல்யாணத்துக்கான பிரேக்கை ராகு காலத்தில் எவனாவது மிதிப்பானா? தெருவே ஒப்புக்கொண்டது. நாலரை தாண்டியதும் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். சென்னியப்பன் மனநிறைவோடு அழுத்தி மிதித்தார்.

தாரணி மட்டும் விரல்விட்டு எண்ணினாள். "அப்பா, ஒரு மணி நேரம் லேட்டா நிக்குமே."

மிதித்த மிதியைத் திரும்ப எடுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலை தாரணி பட்டுப்புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடும் காரில் லாகவமாக ஏறினாள். அந்த வீட்டில் பிறந்தவளுக்கு அது பழக்கம். மண்டபம் வந்தது. பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் நீட்டினார்கள். செந்தூரன் மாலையோடு ஓர் அடி முன்னால் வந்தான். கார் போய்விட்டது.

தாரணி கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். அழுதாள்.

சென்னியப்பன் அதைப் பார்த்தார். மகள் போகக்கூடாது என்று நினைத்தவர்தான். மகள் அழ வேண்டும் என்று நினைத்தவர் இல்லை. ஜன்னலில் தலையை நீட்டி, கல்யாணத்தை நடத்திவைக்க வந்திருந்த அருமைக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

"பெரியவரே, என் வண்டி நிக்காதுங்க. நீங்க வாங்க."

அருமைக்காரர் வெற்றிலையைத் துப்பினார். பிறகு மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். "பொண்ணு போயிட்டிருக்குது. உனக்கு இங்க என்ன வேலை?"

மண்டபத்துக்கு வெட்கமாகிவிட்டது. எழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டுவது போல வாசல்படிகளை மடித்துக்கொண்டு ஓட்டம் பிடித்தது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. சாம்பார் வாளிக்காரர் மட்டும் பார்த்துப் போப்பா என்றார். நாதஸ்வரக்காரர் ஓட்டத்தில் புது உற்சாகம் வந்து வெளுத்து வாங்கினார்.

ஊர் எல்லை தாண்டியதும் மண்டபம் காரைப் பிடித்து உள்ளே வாங்கிக்கொண்டது. இரண்டும் ஒரே வேகம். உள்ளே இருப்பவர்களுக்குக் கார் மணமேடை ஓரம் அசையாமல் நின்றது. ஜன்னலுக்கு வெளியேதான் தென்னந்தோப்பும் எருமைகளும் ஓடின.

தாரணி கதவைத் திறந்து நிதானமாக இறங்கினாள். முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சென்னியப்பன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மகள் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். செந்தூரன் தாலி கட்டினான். தூவிய அரிசியில் கொஞ்சம் வழியில் வந்த ஊர்க்காரர்கள் மேலும் விழுந்தது. அவர்களும் வாழ்த்தினார்கள். சம்பூர்ணம் அழுதாள், சிரித்தாள், சாப்பிடப் போனாள்.

பந்தி முடிகிற நேரத்துக்குச் செவ்வாய்க்கிழமை மிதித்த மிதி வந்து சேர்ந்தது. கார் கிறீச்சென்று கத்திவிட்டு நின்றது. மண்டபமும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தது. வெளியே பார்த்தால் காங்கேயம். செந்தூரன் வீட்டு வாசல்.

சென்னியப்பன் இறங்கினார். தரையில் கால் வைத்து நாளாகியிருந்தது. சம்பந்தியம்மா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை. தாரணி வலது காலை எடுத்து வைத்து அந்த வீட்டுக்குள் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து, "உள்ள வாங்கப்பா, ஏன் அங்கயே நிக்கறீங்க?" என்றாள்.

அவர் வாசலைப் பார்த்தார். நல்ல வாசல். வேப்பமர நிழல் இருந்தது. கார் நிறுத்த இடமும் இருந்தது.

"ரங்கராசு," என்றார்.

ரங்கராசு பாயச டம்ளரோடு வந்தான்.

"பிரேக்கை மாத்து."

"எப்பங்கண்ணா?"

"இப்பவே. இந்த வாசல்ல மிதிச்சா இந்த வாசல்லயே நிக்கோணும்."

"டயருங்க?"

"அதையும் மாத்து," என்றார் சென்னியப்பன். "அடிக்கடி வருவேன்."