பேட்டரி புதுசு

1

இந்தக் கதை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மெக்கானிக் கடையில் எனக்குக் கிடைத்தது. பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்றவர் தன் நண்பனுக்கு நடந்ததாகச் சொன்னார். நான் காதில் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான் என் பங்கு. (இந்தப் பத்தியைப் பிறகு திருத்த வேண்டியிருக்கும்.)

தொடக்கத்துக்கு மூன்று வரி எழுதிப் பார்த்தேன்.

"சேலையூரின் மேல் விடியல் மெல்ல மெல்ல" – வேண்டாம். கேம்ப் ரோட்டில் விடியல் மெல்ல வருவதில்லை, ஸ்கூல் வேன் ஹாரனோடு வருகிறது.

"மனித மனமும் ஒரு மின்கலம்தான் என்று" – நிச்சயமாக வேண்டாம். இப்படி எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும்.

"ஷ்யாம்சுந்தர் நேர்மையானவன்." இது இருக்கட்டும். கதை எங்காவது தொடங்கியாக வேண்டுமே.

2

ஷ்யாம்சுந்தர் நேர்மையானவன். வயது நாற்பத்து மூன்று. சேலையூரில் சொந்த ஃபிளாட், மனைவி ரோஹிணி, குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவி. தண்ணீர் லாரி வந்தால் தானே மேலே ஏறி, குச்சி விட்டு அளந்த பிறகுதான் குழாயைத் திறக்க விடுவான். அன்றைக்கே சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் "ஏமாத்தறவங்களுக்கு நாம இடம் கொடுக்கக் கூடாது" என்று ஒரு செய்தி வரும். பதினேழு பேர் கைகூப்புவார்கள்.

அவன் பைக் ஐந்து வருடம் ஒழுங்காக ஓடிவிட்டு, திடீரென்று பேட்டரியைத் தின்னத் தொடங்கியது. கிக்கர் இல்லாத வண்டி. பேட்டரி போனால் பட்டனை அமுக்கி அமுக்கி விரல்தான் வலிக்கும். இரண்டு முறை பேட்டரி மாற்றினான். குழுவில் யோசனை கேட்டான். ஒருவர் பெட்ரோலில் கலப்படம் என்றார். ஒருவர் வண்டியை வடக்குப் பார்த்து நிறுத்தச் சொன்னார். முதல் மாடி வைத்தீஸ்வரன், போன ஆயுத பூஜைக்கு அந்த வண்டிக்கு மட்டும் எலுமிச்சம்பழம் வைக்காமல் விட்டதைத் தேதியோடு நினைவுபடுத்தினார்.

கடைசியில் மெக்கானிக் துளசிங்கத்திடம் போனான். அவர் வண்டியை ஓடவிட்டு, மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். மீட்டரில் எண் ஏறவே இல்லை.

"பேட்டரி மேல குத்தம் இல்ல சார். ரெக்டிஃபையர் பூட்ச்சி. இஞ்சின்ல கரண்ட் வருது, பேட்டரிக்குப் போய் சேர மாட்டேங்குது. நீ எத்தினி பேட்டரி போட்டாலும் காலியாய்கினேதான் இருக்கும்."

"மாத்த எவ்ளோ நேரம் ஆகும்?"

"மாத்தறது அரை மணி. பார்ட்டு வர நாலு நாள் ஆவும்."

3

நாலு நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். மறுநாள் சாயங்காலம் வண்டியை வாங்க ஓவியா வருகிறாள்.

ஓவியாவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஐந்தரைக்குக் கிளம்பி, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, ஒன்பது மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூன்று முறை தாமதமானால் அவளுடைய ஏரியாவை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். முதல் வரைவில் அவளுக்கு ஸ்கூட்டர் கேட்கும் ஆசை வைத்தேன். ஒட்டவில்லை. அவள் என்னிடம் கேட்டது பைக்தான். ("என்னிடம்" என்பதை "ஷ்யாமிடம்" என்று படிக்கவும்.)

"அப்போ பேட்டரி மட்டும் புதுசா போட்டுடுங்க" என்றான் ஷ்யாம்.

துளசிங்கம் கையைத் துணியில் துடைத்தார். "விக்கப் போறியா சார்?"

ஷ்யாம் ஃபோனைப் பார்ப்பதுபோல் நின்றான்.

"பத்து நாள் ஓடும்" என்றார் அவர், கேட்காமலே.

மறுநாள் ஓவியா வந்தாள். வண்டியைச் சுற்றி வந்து, கேம்ப் ரோடு வரை ஓட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எதுனா இருந்தா மறைக்காம சொல்லிடுங்க சார். காலைல வண்டி நின்னா எனக்கு வேலையே போயிடும்."

"பேட்டரி புதுசும்மா" என்றான் ஷ்யாம். பேட்டரி கடை பில்லையும் எடுத்துக் கொடுத்தான்.

கவனியுங்கள், அவன் பொய் சொல்லவில்லை. பேட்டரி புதுசுதான், பில்லும் அசல்தான். தண்ணீர் லாரிக்காரர்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

ரோஹிணி கீழே இறங்கி வந்து வண்டிக்குக் குங்குமம் வைத்தாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வைத்தாள். "பொண்ணு நல்லா பேசறா" என்று சொல்லி, தன் சர்க்கரைப் பரிசோதனைக்கு இனி அவளையே வரச் சொன்னாள். வைத்தீஸ்வரனுக்கும் சேர்த்துச் சொல்லிவைத்தாள்.

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

(அ) ஷ்யாம் அன்றிரவே மனம் திருந்தி, ஓவியாவைக் கூப்பிட்டு – இல்லை. எனக்கு அவனைத் தெரியும். அன்றிரவு இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டான்.

(ஆ) துளசிங்கம் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறார். ஆனால் அவளுக்குத் துளசிங்கத்தைத் தெரியாது. ஷ்யாம் மெக்கானிக் கடைப் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தான்.

(இ) வண்டி பத்து நாளைத் தாண்டியும் ஓடுகிறது, எலுமிச்சம்பழத்தின் மகிமையால். இதற்காக நான் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன்.

அடிக்குறிப்பு: முதல் பகுதியைத் திருத்துகிறேன். பஞ்சர் கடையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. லாரியில் குச்சி விடுகிறவன் நான்தான். ஷ்யாம்சுந்தர் என்று நான் வைத்த பெயர் மட்டும் பொய். ரோஹிணியை வேறு பெயரில் எழுத வரவில்லை, அதனால் ரோஹிணி ரோஹிணிதான்.

5

இன்று பன்னிரண்டாம் நாள். ரோஹிணி நேற்றிரவு எட்டரைக்குச் சாப்பிட்டவள், காப்பிகூடக் குடிக்காமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஓவியா ஆறரைக்கு வந்திருக்க வேண்டும். குழுவில் வைத்தீஸ்வரன் தன் பசியைப் பற்றி நாலு செய்தி போட்டுவிட்டார்.

ஏழு மணிக்கு என் ஃபோன் அடித்தது.

"சார், அஸ்தினாபுரத்துல நிக்கறேன். வண்டி ஸ்டார்ட்டே ஆவல. பெட்டில ஆறு சாம்பிள் கீது சார். ஏற்கனவே முந்தாநேத்தும் நேத்தும் லேட்டு." பின்னால் ஏதோ பஸ் ஹாரன் அடித்தது. "அந்தப் பேட்டரி கடைக்காரன் உங்களை நல்லா ஏமாத்திட்டான் சார்."

"பார்த்துச் சொல்றேன்மா" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ரெக்டிஃபையர் என்று ஒரு சொல் போதும், அவள் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்திருப்பாள். நான் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தக் கதை ராஜகீழ்ப்பாக்கத்தில்" என்று தொடங்கினேன். அவள் அங்கே நிற்கிறாள். நான் இங்கே விடியல் மெல்ல வருமா வராதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மணி எட்டு பத்து.

"என்ன எழுதறீங்க?" என்றாள் ரோஹிணி.

"கதை."

"குடுங்க. பசி தெரியாம இருக்கும்."

எப்போதும் அவள்தான் என் முதல் வாசகி. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை, கொடுத்துவிட்டேன். இந்தக் கடைசித் தாள் மட்டும் என் கையில் இருக்கிறது. தண்ணீர் லாரி இடத்தில் சிரித்தாள். துளசிங்கம் வந்ததும் சிரிப்பு நின்றது. இப்போது குங்குமம் வைத்த வரியில் இருக்கிறாள், வெகுநேரமாக அங்கேயே இருக்கிறாள்.

ஃபோன் மறுபடி அடிக்கிறது. மேசைமேல், எங்கள் இருவருக்கும் நடுவில். திரையில் ஓவியாவின் பெயர்.

இனி முடிவு என் கையில் இல்லை. வாசிக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும். ரோஹிணி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், ஃபோனுக்குக் கையை நீட்டுகிறாள்.